எல்லைப்புறத்து ஏழைகளும் குறைதீர்ப்பாளர் செலவும்

குடிகளின் குறையைக் கேட்டறிதல் கோலுடையார் கடமை என்பது பழந்தமிழர் கொள்கை. மனுநீதிச் சோழனின் வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியைப் பற்றிப் பாடம் நடத்தாத தமிழாசிரியர் இரார். வாயற்ற பசுவும் வந்து அசைத்த மணி அது. ஆயினும் அக்கதையில் பலரும் எண்ணிப் பாராத ஒன்று உண்டு. அந்தப் பசு அரண்மனை வாயில்வரை நடந்து வர முடிந்தது. கயிறும் அதற்கு எட்டியது. தலைநகரிலிருந்து ஐந்நூறு கல் தொலைவில், நாட்டின் எல்லையோரத்தில், அரசாங்க மொழியும் அறியாது வாழும் ஏழைக்கு அந்த மணியால் என்ன பயன்? கயிற்றை அவன் இருக்குமிடம்வரை நீட்ட ஆகும் செலவு எவ்வளவு? அச்செலவைப் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பது தகுமா?

இக்கேள்வி கற்பனையன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த டெக்சாஸ் மாநிலம், மெக்சிக்கோ எல்லையோரத்து ஏழைக் குடியிருப்புகளுக்கென்றே தனிக் குறைதீர்ப்பாளர்களை நியமிக்க 1999ஆம் ஆண்டில் சட்டம் செய்தது. 2017இல் அவர்களுக்குரிய பணத்தை அதே மாநிலம் நிறுத்தியது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டு வரலாறு, பொதுச் செலவைப் பற்றிச் சிந்திப்பார்க்கு நல்லதொரு பாடமாகும்.

குறைதீர்ப்பாளர் யார்?

குறைதீர்ப்பாளர் என்னும் பதவி முதன்முதலில் சுவீடன் நாட்டில் தோன்றியது. 1809இல் அந்நாடு புதிய அரசியலமைப்பை ஏற்றபோது, அதிகாரிகள் சட்டப்படி நடக்கின்றனரா என்று கண்காணிக்க நாடாளுமன்றமே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் முறை வகுக்கப்பட்டது. அவரை ஒம்புட்ஸ்மன் என்றனர். பிறர் சார்பில் நிற்பவர் என்பது அச்சொல்லின் கருத்து. 1955இல் டென்மார்க்கும், 1962இல் நியூசிலாந்தும் இப்பதவியை ஏற்படுத்தின. அதன்பின் இது உலகெங்கும் பரவியது.

இப்பதவிக்கு இரு பண்புகள் உண்டு. பெரும்பாலான நாடுகளில் குறைதீர்ப்பாளர் கட்டளையிடுபவர் அல்லர். கேட்டறிந்து, ஆராய்ந்து, உரியவர்க்கு எடுத்துரைப்பவர். ஆதலின் அவரது வலிமை அதிகாரத்தில் இல்லை. அவர் சொல்லுக்குள்ள மதிப்பில் இருக்கிறது. இரண்டாவதாக, யாரைப் பற்றி ஆராய்கிறாரோ அவருக்குக் கீழ்ப்பட்டவராக அவர் இருத்தலாகாது. இந்த இரண்டாம் பண்பு டெக்சாஸ் வரலாற்றில் எங்ஙனம் தவறியது என்பது பின்னர் விளங்கும்.

கொலோனியாக்கள் தோன்றிய வகை

கொலோனியா என்பது ஸ்பானிய மொழியில் குடியிருப்புப் பகுதியைக் குறிக்கும் பொதுச்சொல். டெக்சாசில் அது தனிப்பொருள் பெற்றது. நகர எல்லைக்கு வெளியே, குடிநீர்க் குழாயோ கழிவுநீர்க் குழாயோ தார்ச்சாலையோ இன்றி எழுந்த ஏழைக் குடியிருப்பே அங்குக் கொலோனியா எனப்படும். ரியோ கிராண்டி ஆற்றை ஒட்டிய மாவட்டங்களில் இத்தகைய குடியிருப்புகள் 1950ஆம் ஆண்டுகள் முதல் பெருகின. மாநிலம் முழுவதிலும் ஏறத்தாழ 2,300 உள்ளன. ஹிடால்கோ மாவட்டத்தில் மட்டும் 900க்கு மேல். இவற்றில் வாழ்வோர் நான்கு முதல் ஐந்து இலட்சம் பேர் என மதிப்பிடப்பட்டது. பெரும்பாலார் மெக்சிக்க வழியினர். வயல்களிலும் கட்டட வேலைகளிலும் உழைப்பவர்.

இவர்கள் பிறர் நிலத்தில் அத்துமீறிக் குடியேறியவர் என்று எண்ணுதல் தவறு. நிலத்தை விலை கொடுத்து வாங்கியவர்களே இவர்கள். பயிருக்கு உதவாத நிலத்தையும் வெள்ளம் தேங்கும் தாழ்ந்த நிலத்தையும் நில வணிகர் சிறு மனைகளாகப் பிரித்து, சிறிய முன்பணத்துக்கும் மாதத் தவணைக்கும் விற்றனர். நீரும் வடிகாலும் பின்னர் வரும் என்று வாய்மொழியாக உறுதி கூறினர், அவை வரவில்லை. கடைசித் தவணை கட்டி முடியும்வரை நிலத்தின் உரிமை விற்றவரிடமே இருக்கும் என்பது ஒப்பந்தம். ஓரிரு தவணை தவறினால் அதுவரை கட்டிய பணமும், தாமே எழுப்பிய வீடும் ஒருங்கே போய்விடும். நூற்றுக்கு நாற்பது பங்கு விலையோ 48 தவணைகளோ கட்டியவரை இவ்வாறு எளிதில் வெளியேற்றலாகாது என்று 1995இல்தான் சட்டம் வந்தது.

குழாய் இல்லாத வீடுகளில் வாழ்ந்தோர் தண்ணீரை இரும்புப் பீப்பாய்களில் கொண்டு வந்து சேமித்தனர். முன்பு இரசாயனப் பொருள் வைத்திருந்த பீப்பாய்களும் அவற்றுள் உண்டு. மழை பெய்தால் கழிவுக் குழிகள் நிரம்பி, அழுக்குநீர் முற்றத்தில் நின்றது. கழிவுநீர் கலந்த தண்ணீரால் பரவும் கல்லீரல் அழற்சி நோய் இப்பகுதிகளில் மிகுந்திருந்தது. உலகின் செல்வ நாட்டிலே இந்நிலை இருந்தமை பலர் மனத்தையும் உறுத்தியது.

பணம் வந்தது, பயன் தாமதித்தது

அரசாங்கம் வாளா இருந்துவிட்டது என்று கூறுவதும் நீதியன்று. 1989இல் டெக்சாஸ் சட்டமன்றம், ஏழைப் பகுதிகளுக்குக் குடிநீரும் கழிவுநீர் வசதியும் அளிக்கும் திட்டம் ஒன்றை இயற்றியது. அதற்கென 1989இல் 10 கோடியும், 1991இல் மேலும் 15 கோடியும் அமெரிக்க வெள்ளிக்குக் கடன்பத்திரம் வெளியிட மக்கள் வாக்களித்து இசைந்தனர். 1990இல் மத்திய அரசாங்கமும் எல்லையோர மாநிலங்கள் நான்கும் தமக்குக் கிடைக்கும் வளர்ச்சி நிதியில் ஒரு பகுதியைக் கொலோனியாக்களுக்கு ஒதுக்க வேண்டுமெனச் சட்டம் செய்தது. 2001இல் சாலைகளுக்கென்று 17 கோடியே 50 இலட்சம் வெள்ளிக்குக் கடன்பத்திரம் ஒப்புக்கொள்ளப்பட்டது. 2001 வரை நீருக்கும் சாலைக்குமாக இசையப்பட்ட மாநிலத்தின் கடன்பத்திரங்கள் மட்டும் 42 கோடியே 50 இலட்சம் வெள்ளி.

இவ்வளவு பணம் ஒதுக்கப்பட்ட பின்னும் வீட்டுக்குள் தண்ணீர் வரத் தாமதமானது ஏன்? இங்கேதான் பொருளின் உயிர்நிலை இருக்கிறது.

முதற் காரணம், தெருவரை குழாய் வந்தாலும் தெருவிலிருந்து வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கும் செலவு வீட்டாருடையதாக இருந்தமை. வீட்டின் உட்குழாய்களும் கழிவறையும் கட்டட விதிகளுக்கு ஒத்திருந்தால்தான் இணைப்புக் கிடைக்கும். தம் கையால், கிடைத்த பலகையைக் கொண்டு, ஆண்டுக்கு ஓர் அறையாகக் கட்டிய வீடு விதிக்கு ஒத்திருப்பது அரிது. ஆகவே குழாய் தெருவில் ஓடிற்று; வீட்டார் பீப்பாய்த் தண்ணீரையே குடித்தனர்.

இரண்டாம் காரணம், நல்ல நோக்கத்துடன் செய்த சட்டமே தடையானமை. புதிய கொலோனியாக்கள் தோன்றாதிருக்க, முறையாகப் பதிவு பெற்ற மனைப்பிரிவு வரைபடம் இல்லாத நிலத்துக்கு நீரோ மின்சாரமோ இணைக்கலாகாது என்று விதிக்கப்பட்டது. விதி நில வணிகரைத் தடுக்க எழுந்தது. ஆனால் வரைபடம் பதியாமல் விற்றுச் சென்ற வணிகரின் பிழைக்கு, ஏற்கெனவே வாங்கிக் குடியேறிய ஏழை தண்டம் அனுபவித்தான். பின்னர்ச் சட்டத்தில் விலக்குகள் சேர்க்கப்பட்டன. ஆயின் தனக்கு விலக்கு உண்டென்பதை அவனுக்கு யார் சொல்வது?

மூன்றாம் காரணம், பொறுப்புப் பல கைகளில் சிதறிக் கிடந்தமை. நீர் ஒரு கழகத்தைச் சேர்ந்தது. சாலை மாவட்ட ஆட்சியைச் சேர்ந்தது. வடிகால் வேறொரு வாரியத்தைச் சேர்ந்தது. நீர்த் திட்டத்துக்குக் கடன் கொடுப்பது மாநில நீர்வள வாரியம். வீட்டைச் செப்பனிடப் பணம் தருவது வீடமைப்புத் துறை. இவற்றுக்கு மேல் மத்திய அரசாங்கத்தின் இரண்டு மூன்று துறைகள். ஒவ்வொன்றுக்கும் தனி மனு, தனி விதி, தனி எல்லை. ஒரு துறை குழாய் பதிக்கத் தோண்டிய தெருவை, சாலைத் துறை முன்னரே தார் போட்டு முடித்திருந்தால் இரட்டைச் செலவு. வடிகால் வருமுன் சாலையை உயர்த்தினால் வெள்ளம் வீட்டுக்குள் புகும். எவரும் தம் கடமையில் தவறவில்லை. ஆயினும் வேலை நடக்கவில்லை.

ஆறு பேர் செய்த பணி

இந்த இடைவெளியை நிரப்பவே 1999ஆம் ஆண்டுச் சட்டம் எழுந்தது. அப்போது ஆளுநராக இருந்தவர் ஜார்ஜ் புஷ். பின்னாளில் அமெரிக்க அதிபரானவர். கொலோனியாப் பணிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு மாநிலச் செயலாளரின் அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கொலோனியா மக்கள் மிகுதியாக வாழும் ஆறு எல்லை மாவட்டங்களுக்கு ஆளுக்கு ஒருவராகக் குறைதீர்ப்பாளர்கள் நியமிக்கப்பட்டனர். எல் பாசோ, மேவரிக், வெப், ஸ்டார், ஹிடால்கோ, கேமரன் என்பன அம்மாவட்டங்கள். தலைநகரான ஆஸ்டினிலிருந்து எல் பாசோ ஐந்நூறு மைலுக்கும் அப்பாற்பட்டது. அங்குள்ள ஏழை தலைநகருக்குச் சென்று முறையிடுவது இயலாது என்பதற்கு வேறு சான்று வேண்டா. தலைநகரம் தன் ஆளை அவனிடம் அனுப்பியது என்பதே இத்திட்டத்தின் சிறப்பு.

இவர்கள் குழாய் பதிக்கவில்லை, சாலை போடவில்லை, எந்தத் துறைக்கும் கட்டளையிடவும் இல்லை. எந்தக் குடியிருப்பில் எத்தனை வீடு, எந்தத் தெருவில் குழாய் உண்டு, எதில் இல்லை, தடை பணமா, பட்டாவா, வரைபடமா என்று கேட்டறிந்தனர். அறிந்ததை உரிய துறைக்குத் தெரிவித்தனர். துறை சொன்ன மறுமொழியைக் குடியிருப்பவர்க்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்தனர். பல துறையினரை ஒரே மேசையில் அமரவைத்து, ஒரு திட்டத்துக்காக மற்றொன்று காத்திருக்கும் நிலையை மாற்ற முயன்றனர்.

2005இல் வந்த மற்றொரு சட்டம் இப்பணிக்கு ஓர் அளவுகோலைத் தந்தது. அதன்படி ஒவ்வொரு கொலோனியாவும் மூன்று நிறங்களுள் ஒன்றில் வகுக்கப்பட்டது. குடிநீர், கழிவுநீர் வசதி, பதிவு பெற்ற வரைபடம் ஆகியவற்றுள் ஒன்று இல்லையேல் சிவப்பு. இவை இருந்து சாலை, வடிகால், குப்பை அகற்றல் முதலியவற்றில் குறை இருப்பின் மஞ்சள். எல்லாம் உளவாயின் பச்சை. ஆறு மாவட்டங்களிலும் 2006இல் 400க்கு மேலிருந்த சிவப்புக் குடியிருப்புகள் 2014இல் குறைந்தன. 600க்குச் சற்று மேலிருந்த பச்சைக் குடியிருப்புகள் 900ஐக் கடந்தன. இம்மாற்றம் முழுதும் குறைதீர்ப்பாளரால் விளைந்ததன்று. குழாயும் சாலையும் கடன்பத்திரப் பணத்தால் விளைந்தவை. ஆனால் எந்தக் குடியிருப்பு எந்த நிறத்தில் நிற்கிறது என்பதைச் சட்டமன்றம் அறிவதற்குக் களத்தில் நடந்து கணக்கெடுத்தவர்கள் இவர்களே. கணக்கே இல்லாத இடத்தில் முன்னேற்றம் உண்டா இல்லையா என்று எவரால் கூற முடியும்?

செலவுக் கணக்கு

2017 ஜூன் மாதத்தில் ஆளுநர் கிரெக் ஏபட், வரவு செலவுத் திட்டத்தில் ஒரு தனி இனத்தை மட்டும் நீக்கும் தமது ரத்து அதிகாரத்தால், இத்திட்டத்துக்குச் சட்டமன்றம் ஒதுக்கிய பணத்தை நீக்கினார். அத்தொகை இரண்டு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 8 இலட்சத்து 60 ஆயிரம் வெள்ளி. அந்த இரண்டு ஆண்டுகளுக்கு மாநிலத்தின் மொத்தச் செலவுத் திட்டம் ஏறத்தாழ 21,700 கோடி வெள்ளி. அஃதாவது, இரண்டரை இலட்சம் வெள்ளியில் ஒரு வெள்ளி இத்திட்டத்துக்குரியது.

வேறு வகையிலும் கணக்கிடலாம். ஆண்டுக்கு 4 இலட்சத்து 30 ஆயிரம் வெள்ளியை ஆறு மாவட்டங்களிலும் உள்ள கொலோனியா மக்கள் மூன்றரை இலட்சம் பேர் என்று கொண்டு வகுத்தால், ஆளொன்றுக்கு ஆண்டுக்கு ஒன்றேகால் வெள்ளியும் தேறாது. பதினெட்டு ஆண்டும் இதே அளவு செலவானதாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 77 இலட்சத்து 40 ஆயிரம் வெள்ளி. 2001 வரை நீருக்கும் சாலைக்கும் அனுமதிக்கப்பட்ட 42 கோடியே 50 இலட்சத்தில் இது நூற்றுக்கு இரண்டு பங்கும் ஆகாது. பெரிய கட்டடம் எழுப்புவோன் மேற்பார்வையாளனுக்குக் கொடுக்கும் கூலியை வீண் என்று நினைப்பதில்லை.

ஆயினும் செலவு சிறிது என்பதனாலேயே அது தக்கது என்று ஆகிவிடாது. பயனற்ற ஒரு வெள்ளியும் வீணே. எனவே எதிர்த்தரப்பினர் கூற்றையும் கேட்டல் வேண்டும். கொலோனியாக்களுக்கு உதவி செய்யும் துறைகளே இத்தொடர்புப் பணியையும் செய்துகொள்ளலாம் என்பது ஆளுநர் தரப்பின் கருத்து. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரே பணிக்கு இரண்டு அலுவலகம் கூடாது என்பது நல்ல நிர்வாக விதி. மேலும், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கொலோனியாத் திட்டம் போன்றவையும் களத்தில் இருந்தன. அக்குடியிருப்புகளிலேயே வாழும் பெண்களைப் பயிற்றி, அண்டை வீட்டார்க்கு வழிகாட்டச் செய்தது அத்திட்டம்.

எனினும் இக்கூற்றில் ஓர் ஓட்டை உண்டு. நீர்த் துறை நீரைப் பற்றிச் சொல்லும். சாலைத் துறை சாலையைப் பற்றிச் சொல்லும். இரண்டுக்கும் இடையே விழுந்த குறையைச் சொல்வது எத்துறையின் கடமை? குறைதீர்ப்பாளர் செய்தது எந்தத் துறையின் பணியையும் அன்று. எந்தத் துறைக்கும் உரியதல்லாத பணியையே. பல்கலைக்கழகம் மக்களுக்கு வழிகாட்டலாம். ஆனால் அரசாங்கத்தின் பெயரால் ஒரு துறையிடம் விளக்கம் கேட்கும் தகுதி அதற்கு இல்லை.

கணக்கேட்டில் ஏறாத செலவு

பொதுச் செலவைப் பற்றிய ஆராய்ச்சியில் பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. குறைதீர்ப்பாளரின் சம்பளம் கணக்கேட்டில் ஒரு வரியாகத் தெரிகிறது. அவர் இல்லாமையின் செலவு எந்த வரியிலும் தெரிவதில்லை. அது இல்லாமல் போவதில்லை. வேறு பல ஏடுகளில் சிதறிக் கிடக்கிறது.

குழாய் பதித்தும் இணைப்புப் பெறாத வீடுகளால் நீர்க் கழகம் கட்டண வருவாயை இழக்கிறது; அக்கழகம் வாங்கிய கடனின் சுமை மற்ற வாடிக்கையாளர் மேல் விழுகிறது. நோயுற்ற குழந்தையின் மருத்துவச் செலவு மாவட்ட மருத்துவமனையின் ஏட்டில் ஏறுகிறது. அக்குழந்தை பள்ளிக்கு வராத நாள்கள் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. 2008 ஜூலையில் டாலி என்னும் புயல் தென் டெக்சாசைத் தாக்கியபோது, வடிகால் இல்லாத கொலோனியாக்களில் வெள்ளம் வாரக்கணக்கில் தேங்கி நின்றது. அப்போது நீர் இறைக்கும் இயந்திரங்களுக்கும் கொசு மருந்துக்கும் ஆன செலவு பேரிடர்க் கணக்கில் சேர்ந்தது. பத்தாண்டு கழித்து, 2018 ஜூனில் பெய்த பெருமழையிலும் அப்பகுதி மீண்டும் மூழ்கியது. இவற்றை எல்லாம் ஒரு குறைதீர்ப்பாளர் தடுத்திருப்பார் என்பதன்று கருத்து. எங்கே வடிகால் இல்லை என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆள் ஒருவர் வேண்டும்; அவ்வாள் இல்லையேல் பிந்திய செலவு முந்திய செலவினும் பெரிதாகும் என்பதே கருத்து.

பதவியின் அடிப்படையில் இருந்த குறை

இனி, முன்னர்க் குறித்த இரண்டாம் பண்பைக் கருதல் வேண்டும். சுவீடனில் குறைதீர்ப்பாளர் நாடாளுமன்றத்தின் ஆள். ஆட்சிப் பீடத்தின் ஆள் அல்லர். டெக்சாசில் கொலோனியாக் குறைதீர்ப்பாளர்கள் மாநிலச் செயலாளரின் கீழ்ப் பணியாற்றினர். மாநிலச் செயலாளரோ ஆளுநரால் நியமிக்கப்படுபவர். ஆகவே பெயரால் அவர்கள் குறைதீர்ப்பாளராயினும், நிலையால் ஆட்சித்துறையின் அலுவலரே. அவர்கள் பதவியின் உயிர் ஆளுநரின் பேனா முனையில் இருந்தது. டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டாண்டுக்கு ஒருமுறையே முறையாகக் கூடுவது. 2017இல் அது மே மாத இறுதியில் கலைந்தது. ரத்து ஆணை ஜூனில் வந்தது. பணம் ஒதுக்கிய மன்றத்துக்கு அம்முடிவை மீண்டும் ஆராய வாய்ப்பே இல்லாமற் போயிற்று.

சிக்கனமாக ஒரு பதவியை அமைக்க விரும்புவோர் அதை ஏற்கெனவே உள்ள அலுவலகத்தில் சேர்த்துவிடுவது வழக்கம். தனிக் கட்டடம் வேண்டா, தனித் தலைவர் வேண்டா, செலவு குறையும். ஆனால் அவ்வாறு மிச்சப்படுத்திய பணத்துக்கு ஈடாகப் பதவியின் தன்னுரிமை விலைபோகிறது. ஏழைகளுக்காகப் பேசுபவர், தாம் யாரிடம் பேச வேண்டுமோ அவரிடமே சம்பளம் பெறுபவராகிறார். எனவே குறைதீர்ப்பாளர் செலவைக் கணிப்போர், தன்னுரிமைக்கு ஆகும் செலவையும் அதிலே சேர்த்துக் கணித்தல் வேண்டும்.

மற்றொரு குறையையும் ஒளிக்கலாகாது. தம் பணியால் மிச்சமான பணம் எவ்வளவு என்பதை இத்தகைய அலுவலர் எண்ணிக் காட்டுவது கடினம். எத்தனை வீடு இணைப்புப் பெற்றது, எத்தனை தெரு இரண்டாம் முறை தோண்டப்படாமல் தப்பியது என்று ஆண்டுதோறும் எழுதிவைப்பது அவர்க்கே காவலாகும். நிறக் கணக்கு அத்திசையில் ஒரு நல்ல தொடக்கம். கணக்குக் காட்டாத நற்பணி, செலவைக் குறைக்க முனையும் கண்ணுக்கு வீண்பணியாகவே தோன்றும்.

முடிவு

எல்லைப்புறத்து ஏழைகள் வாக்கு வலிமை குறைந்தவர். அவர்களுட் சிலர் குடியுரிமை பெறாதவர். பலர் அலுவலகப் படிகளைக் கண்டு அஞ்சுபவர். அவர்களுக்கென ஒதுக்கிய பணத்தை வெட்டுவது எளிது. வெட்டியதற்காக ஆட்சியாளர் வாக்கிழப்பது அரிது. இவ்வெளிமையே அப்பணத்துக்குப் பெரிய பகை.

மணியை வாங்க ஆகும் செலவு பெரிது; கயிற்றுக்கு ஆகும் செலவு சிறிது. 42 கோடியே 50 இலட்சம் வெள்ளிக்கு மேலும் செலவிட்டுக் குழாயும் சாலையுமாகிய மணியை அமைக்க முன்வந்தது டெக்சாஸ். ஆண்டுக்கு நான்கு இலட்சத்துச் சொச்சம் வெள்ளிக்குரிய கயிற்றை அறுத்தது. ஏழைகளுக்கெனப் பெருந்தொகை ஒதுக்கும் எந்த அரசாங்கமும், தொகை எவ்வளவு என்று பெருமை பேசுமுன், அது உரியவர் கைக்கு எட்டுகிறதா என்று சென்று பார்த்துச் சொல்ல ஓர் ஆளை வைத்திருக்கிறதா என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.